அந்தோணியாருக்கு மூன்று நாள் கெடு

அம்மா இறந்த இருபத்தெட்டாம் நாள், வீட்டைக் கழுவி விடலாமென்று வந்த அக்கா ஃப்ரீசரைத் திறந்து பட்டாணிப் பொட்டலத்தை நகர்த்தினாள். அடியில் புனித அந்தோணியார் குப்புறப் படுத்திருந்தார். தலையில் ஒரு விரற்கடைக்குப் பனி. கையில் இருக்க வேண்டிய குழந்தை இயேசுவைக் காணோம்.

வேறு குடும்பமாக இருந்தால் அலறியிருப்பார்கள். இவர்களுக்கு இது புதிதில்லை. அக்கா பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே திரும்பி, வாசலில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் சொன்னாள்:

"அம்மா எதையோ தொலைச்சிருக்காங்கடா."

தம்பி என்றால் பொடியன் இல்லை, நாற்பத்தாறு வயது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். வெளியே எல்லாருக்கும் அவன் மாஸ்டர். வீட்டில் எந்தக் காலத்திலும் இளையவன்தான். ஒட்டடைக் குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்தவன் அந்தோணியாரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஏனென்று அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தோணியார் எதற்காக உள்ளே போனார் என்று சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்குப் புனிதர்கள்மேல் பக்தி எவ்வளவோ அவ்வளவு கண்டிப்பும் உண்டு. அலமாரிமேல் சின்னச் சின்னச் சிலைகளாக வரிசையில் நிற்பார்கள், ஆளுக்கொரு இலாகா. தொண்டை வலிக்கு பிளாசியார். டாக்டரே கைவிட்ட கேஸுக்கு யூதா ததேயு. கல்யாணம், வீடு, வேலை எல்லாம் சூசையப்பர். காணாமல் போன பொருளுக்கு அந்தோணியார். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் தலையில் கட்ட மாட்டாள். அவருக்கு அதில் அனுபவம் பத்தாது என்பாள்.

பொருள் தொலைந்தால் அந்தோணியாருக்கு மூன்று நாள் கெடு. முதல் நாள் மெழுகுத்திரி ஏற்றி மரியாதையாகக் கேட்பாள். இரண்டாம் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள். மூன்றாம் நாள் குழந்தை இயேசுவைக் கையிலிருந்து கழற்றி எடுத்துவிட்டு, அந்தோணியாரை ஃப்ரீசருக்குள் தள்ளுவாள். அந்தச் சுரூபத்தில் குழந்தை ஒரு சின்னக் கம்பியில் செருகியிருக்கும், சுலபமாக வரும். கழற்றிய குழந்தையைத் தொலைந்த பொருள் இருக்க வேண்டிய இடத்தில் வைப்பாள். கத்தரிக்கோல் தொலைந்தால் தையல் பெட்டியில். சாவி தொலைந்தால் சாவி மாட்டும் ஆணியில், கயிறு கட்டி. பொருளைக் கொண்டுவந்தால் பிள்ளையைக் கொண்டு போகலாம், பேச்சு அவ்வளவுதான். இது பாவமில்லையா என்று ஒருமுறை பேத்தி கேட்டதற்கு, பிள்ளையை நான் பத்திரமாகத்தானே வைத்திருக்கிறேன் என்று பதில் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, முக்கால்வாசிப் பொருள் கிடைத்தும் விடும்.

ஆக, குழந்தை எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்தால், அம்மா கடைசியாக எதைத் தேடினாள் என்று தெரிந்துவிடும். அக்கா, கூட வந்திருந்த அத்தான், அவர்கள் மகளான அந்தப் பேத்தி மூன்று பேரும் தேட ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரு நம்பிக்கை. தன் மகளுக்கு வரன் அமையவில்லை என்ற கவலையில்தான் அம்மா இப்படிச் செய்திருப்பாள் என்று அக்கா கண்கலங்கினாள். அது சூசையப்பர் இலாகா என்று மகளே ஞாபகப்படுத்தினாள். தன் குடைக்காகத்தான் என்று அத்தான் அடித்துச் சொன்னார். போன மழையில் காணாமல் போன குடை அது. மாமியார் தன்மேல் இத்தனை பாசம் வைத்திருந்தாரே என்று குடை மாட்டும் இடத்தை மூன்று தடவை துழாவினார். ஒரு பழைய பல்லி முட்டைதான் கிடைத்தது. மாவு டின், தையல் மெஷின், கண்ணாடிக்கூடு, தலையணை உறை என்று வீட்டையே தலைகீழாக்கினார்கள். கழுவ வந்த வீடு முன்னைவிட அழுக்கானது. குழந்தை மட்டும் அகப்படவில்லை.

இளையவன் தேடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தோணியாரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா எதைத் தொலைத்தாள் என்று தனக்குத் தெரியும் என்று அவன் நினைத்தான். தொலைந்தது அவனேதான்.

பதினோரு வருஷமாக அவன் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. அம்மாவின் அடக்கப் பூசைக்குக்கூட வாசலில்தான் நின்றான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அப்போதிருந்த பழைய ஃபாதர் இவனிடம் கார் ஓட்டப் படித்தார். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, கோயில் வளாகத்தில் மாதா நிற்கும் கல்குகையான கெபியின் சுவரில் கொண்டுபோய் முட்டினார். மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்குத்தான் முகம் போயிற்று. அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்று சொல்லிவிட்டு நேராக இவனைப் பார்த்தார். நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இளையவன் பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனவன்தான். வீம்புக்கு அம்மா வயிற்றில் பிறந்த பிள்ளை அல்லவா. அந்த ஃபாதர் மாற்றலாகிப் போனார், இரண்டு பேர் வந்து போனார்கள், வீம்பு மட்டும் மாற்றலாகவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவைக் காரில் கொண்டுவந்து விடுவான். பூசை முடியும் நேரத்துக்கு முன்பே வந்து, வாசலில் என்ஜினை ஓடவிட்டபடி காத்திருப்பான். முதல் மணி அடிக்கும் முன்பே அம்மாவுக்குக் கோயிலில் இருந்தாக வேண்டும். ஊரில் அவள் பெயரே 'முதல் மணி அம்மா'.

சனிக்கிழமைகளில் அம்மா டிரைவிங் கிளாஸுக்கும் வருவாள். பின் சீட்டில், ஜன்னலோரம், கையில் ஜெபமாலையோடு. ஓட்டுகிறவர்கள் உயிர் பிழைக்க வேண்டுமே என்ற கவலை. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு "ஆமென்" போடுவாள். முதலில் மாணவர்கள் நடுங்கினார்கள். அப்புறம் அம்மா உட்கார்ந்த கிளாஸில் படித்தவர்கள் எல்லாரும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது.

இறந்த அன்று புதன்கிழமை. வழக்கம்போல ஏழு மணிக்கு இளையவன் காப்பி குடிக்க வந்தான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டே காப்பியை நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் குடித்து முடிப்பதற்குள் வாசலுக்கும் உள்ளுக்கும் இரண்டு நடை நடந்தாள். என்னம்மா என்று கேட்டதற்கு வெறுமனே தலையை ஆட்டினாள். ஏதோ கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று கிளம்பிவிட்டான்.

பத்து இருபதுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்போது ஸ்டீரிங்கில் துணிக்கடைக்காரம்மா. ரவுண்டானாவுக்குள் நுழைந்தவருக்கு வெளியே வரத் தைரியம் இல்லாமல் நாலாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். இளையவன் ஒரு கால் பிரேக்கில், ஒரு கை ஸ்டீரிங்கில். போன் அடித்து அடித்து நின்றது. அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டான். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவின் மூச்சு நின்றிருந்தது.

அந்தப் போனைப் பற்றி அவன் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இருபத்தெட்டு நாளாக ஒரே கேள்வி அவனைக் குடைந்துகொண்டிருந்தது: அம்மா கடைசியாக என்ன சொல்ல வந்தாள்? இப்போது அந்தோணியாரைப் பார்த்ததும் விடை தெரிந்துவிட்டதாகத் தோன்றியது. பிள்ளை தொலைந்து போனான் என்ற துக்கத்தோடுதான் அம்மா போய்ச் சேர்ந்திருக்கிறாள். இதற்கு மேல் ஒரு மகனுக்கு என்ன வேண்டும்.

போதாத குறைக்கு முப்பதாம் நாள் பூசையில் குடும்பத்தின் சார்பில் அவன்தான் மூன்று நிமிஷம் பேச வேண்டுமாம். புது ஃபாதரின் ஏற்பாடு. வாலிபர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். அக்கா பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, சும்மா இருப்பாளா? உரையை எழுதிக் கையில் கொடுத்துவிட்டாள். 'பொறுமையின் சிகரம், சாந்தத்தின் உறைவிடம்' என்று ஆரம்பித்தது. ஒரு புனிதரிடமிருந்து கைக்குழந்தையைப் பறித்துக்கொண்டு அவரைப் பட்டாணிக்கு அடியில் தள்ளிய பெண்மணியைப் பற்றித்தான் இந்த வரி.

மறுநாள் கிளாஸுக்குப் போனபோதும் இளையவனுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. உடம்பும் படுத்தியது. ஒரு மாதமாக அவன் உட்காரும் இடதுபக்கச் சீட்டு முன்னால் வந்தது பின்னால் போக மறுத்துவிட்டது. முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் இடிக்க, பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். மெக்கானிக்கிடம் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்கிறான். துணிக்கடைக்காரம்மாவுக்கு ரவுண்டானாவைப் பார்த்ததும் வியர்த்தது. முகம் துடைக்க ஏதாவது இருக்குமா என்று, சிக்னலில் நின்றபோது கையை நீட்டி டேஷ்போர்டு டிராயரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பூட்டு கெட்டுப்போய், ஓங்கித் தட்டினால்தான் திறக்கும் என்பதால் இளையவன் மாதக்கணக்காகத் தொடாத டிராயர். அந்த அடிக்குத் திறந்துகொண்டது. உள்ளே நீலக்கரை போட்ட கைக்குட்டை. அம்மாவுடையது. அதற்குள், கட்டைவிரல் உயரத்தில், இரண்டு கையையும் விரித்தபடி குழந்தை இயேசு.

இளையவன் நடுரோட்டில் வாய்விட்டு அழுதான். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பாவம் அந்தம்மா, தன் டிரைவிங்தான் மாஸ்டரை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டது என்று பயந்து, அவரும் சேர்ந்து அழுதார்.

பொருள் இருக்க வேண்டிய இடத்தில் குழந்தை. கார் யாருடைய இடம்? இளையவனுடைய இடம். இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவன் அன்று மாலையே கோயிலுக்குப் போனான். பதினோரு வருஷம் கழித்து, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வருஷ வாரியாகச் சொல்ல ஆரம்பித்தான். மூன்றாவது வருஷத்திலேயே ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மொத்தமா சொல்லுங்க மாஸ்டர். வெளிய ஏழு பேர் நிக்கிறாங்க."

முப்பதாம் நாள் வந்தது. கோயில் நிறைந்திருந்தது. அம்மா இத்தனை வருஷம் உட்கார்ந்த முதல் பெஞ்சில் இளையவன் உட்கார்ந்தான். பூசை முடியும் தறுவாயில் ஃபாதர் கை காட்டினார். இளையவன் எழுந்து போய், அக்கா எழுதிய தாளை விரித்து, "பொறுமையின் சிகரம்" என்று வாசித்தான். பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப்பின் அவன் அம்மாவை உள்ளபடி சொன்னான். தூங்கிய ஃபாதருக்கு முன் வரிசையிலிருந்து இருமியே எழுப்பிவிட்டதைச் சொன்னான். மூன்று பிள்ளைப்பேறு, ஒரு புருஷன் சாவு, நாற்பது வருஷத் தையல் வேலை எல்லாவற்றையும் ஒரே ஜெபமாலையில் ஓட்டியதைச் சொன்னான். மூத்தது மூன்று நாள்கூடத் தங்காமல் போனபோது, மோட்சத்துச் சம்மனசுகளுக்கு ஒரு பிள்ளை குறைவாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் தையல் மெஷினில் உட்கார்ந்ததைச் சொன்னான். ஆமென் போட்டே நூற்றுச் சொச்சம் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்ததைச் சொன்னதும் கோயில் பாதி கையைத் தூக்கியது. அத்தனை பேரும் சனிக்கிழமை மாணவர்கள். கடைசியில் அந்தோணியாரையும், கெடுவையும், டிராயரில் கிடந்த குழந்தையையும் சொல்லிவிட்டு, அழுதுவிட்டான்.

"அம்மா கடைசியா தேடினது என்னைத்தான். போன் பண்ணாங்க. நான் எடுக்கல."

சிரித்துக்கொண்டிருந்த கோயில் மூக்கை உறிஞ்சியது. மூன்று நிமிஷம் பதினொன்றாகியிருந்தது. ஃபாதர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் கைபிடித்துவிட்டுக் கலைந்த பிறகு கீபோர்டு அக்கா வந்தார். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், அம்மாவின் முப்பது வருஷச் சிநேகிதி, அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டவரும் அவர்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இளையவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மாஸ்டர், ஜெபமாலைமேல சத்தியம் வாங்கிட்டாங்க, அதான் வாயத் திறக்கல. ஆனா நீங்க அங்க நின்னு அப்படி அழுததுக்கப்புறம் சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாவம். அம்மா தேடினது உங்கள இல்ல. கீழ்ப் பல்செட்ட."

"பல்செட்டா?" என்றான் இளையவன்.

விஷயம் இதுதான். அம்மாவின் முதல் பல்செட்டு, பீடத்துக்குப் பூ வைக்கும்போது தும்மியதில் பூஜாடிக்குள் போய், பூவோடு குப்பைக்குப் போனது. இரண்டாவது, பஸ் ஜன்னலில் யாரையோ கூப்பிட்டபோது ரோட்டோடு போனது. மூன்றாவதைக் கட்டிக்கொடுத்த இளையவன், இதையும் தொலைத்தால் கஞ்சிதான் என்று சொல்லி வைத்திருந்தான். கடைசி ஞாயிறு பூசை முடிந்து காரில் வரும்போது ஈறு வலிக்கிறதென்று கீழ்ச் செட்டைக் கழற்றித் தாளில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் காணோம். மகனிடம் சொன்னால் திட்டுவான். ஆகவே அந்தோணியாருக்கு மூன்று நாள் கெடு. மூன்றாம் நாள் புதன்கிழமை. பொருள் தொலைந்தது காரில், குனிந்து தேட முழங்கால் விடாது, அவன் காப்பி குடிக்கிற நேரத்தில் குழந்தையைக் கார் டிராயரில் வைத்துவிட்டு வந்தாள். அதற்கும் மசியவில்லை என்றால் மானத்தை விட்டு மகனிடமே கேட்டுவிடுவது என்று கீபோர்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் போன் அதற்குத்தான். முந்தானையால் வாயை மூடியது கோபத்தால் அல்ல. பல் போனால் சொல் போச்சு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே பூதத்துக்காக வெட்டினால் பல்செட்டு கிளம்புகிறது. நானூறு பேர் முன்னால் அழுததை நினைக்க இளையவனுக்குக் காது சிவந்தது. அதைவிட வேறொன்று உறுத்தியது.

"அப்போ... என்னைப் பத்தி அம்மா ஒண்ணும் நினைக்கலையாக்கா?"

"உங்கள எதுக்கு மாஸ்டர் தேடணும்? ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாட்டுக்கு முன்னாடி ஒருதரம் திரும்பி வாசலப் பாப்பாங்க. கார் நின்னா எனக்குக் கை காட்டுவாங்க. 'வந்துட்டான்'னு."

இளையவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பதினோரு வருஷமாக வெளியே நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அம்மா வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராகக் காருக்குப் போய், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டான். சீட்டு நகரும் தண்டவாளத்தில், அழுக்குத் தாளோடு, அம்மாவின் கீழ்ப் பல்வரிசை சிக்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். பல்செட்டு கையில் வந்தது, சீட்டு டக்கென்று பின்னால் போயிற்று. ஒரு மாதமாக அவன் முழங்காலை மடக்கி உட்காரவைத்தது அம்மாவின் பல். காருக்குள் குப்புறக் கிடந்தபடியே சிரித்தான். ஃபாதர் வந்து என்னவென்று கேட்டார். விஷயத்தைச் சொல்லி, தப்பான காரணத்துக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேனே என்றான்.

"குடுத்த பாவமன்னிப்பு வாபஸ் கிடையாது மாஸ்டர். ஞாயித்துக்கிழமை உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி போனார்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். செத்த பிறகும் அம்மா குறி தப்பவில்லை.

வீட்டுக்கு வந்து பல்செட்டைக் கழுவி அம்மாவின் கண்ணாடிக்கூட்டில் வைத்தான். அலமாரியில் நின்ற அந்தோணியாரின் கையில் குழந்தையைச் செருகினான். கிடைத்துவிட்டது, வீண் தண்டனை, மன்னித்துக்கொள்ளும் என்று முறைப்படி சொன்னான். பேச்சு மாறாத வீடு அல்லவா. எல்லாம் முடிந்தது என்று நகரப் போனவன் நின்றான். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அடுப்படியில் சத்தமில்லை. யாரும் அவனை எதற்கும் திட்டவில்லை.

முப்பது நாளாக ஒன்று காணோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மெழுகுத்திரி, சுவர்ப்பக்கம் என்ற கெடுவெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. குழந்தையைத் திரும்பக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்தோணியாரை எடுத்துக்கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தான். காப்பித் தூள் தேடி வந்த அக்கா பார்த்தாள். இப்போது என்னடா தொலைந்தது என்று கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து, அந்தோணியார்மேல் அவளே வைத்து மூடினாள்.

சனிக்கிழமை துணிக்கடைக்காரம்மா கிளாஸுக்கு வந்தார். பின் சீட்டில், ஜன்னலோரம், நீலக்கரைக் கைக்குட்டையை விரித்து அதன்மேல் குழந்தை இயேசு உட்கார்ந்திருந்தது. எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாம். அது அம்மா இடம். நீங்க வண்டிய எடுங்க."

ரவுண்டானா வந்தது. அந்தம்மா உள்ளே நுழைந்தார், முதல் சுற்றிலேயே வெளியே வந்தார், வந்த சந்தோஷத்தில் நடுரோட்டில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. இரண்டு பேருமே ஒரு நொடி பின் சீட்டிலிருந்து குரல் வரும் என்று காத்திருந்தார்கள்.

"ஆமென்" என்றான் இளையவன்.